சீர் வண்டி

“எங்க குடும்பம் பொண்ணுக்குப் பழைய பாத்திரம்கூடக் குடுத்தனுப்பினதில்லை. பழைய வண்டியா குடுப்போம்? இஞ்சினைப் பிரிங்க பாய்!”

திருச்சி தென்னூர் மெக்கானிக் பட்டறையில் வெங்காய மண்டி சின்னையா நின்றபடியே முழங்கினார். ஸ்டூல் போட்டிருந்தார்கள். ஆனால், கிரீஸ் பட்டால் வெள்ளை வேட்டியின் கௌரவம் என்னாவது?

மகள் கல்யாணத்துக்கு அவர் சீராகக் கொடுத்த சீமை மோட்டார் சைக்கிள், ஒரே வருடத்தில் நெல் குத்துகிற உலக்கை மாதிரி இடிக்க ஆரம்பித்திருந்தது. ‘எவனோ ஓட்டித் தள்ளின வண்டி’ என்று சம்பந்தியம்மா ஸ்ரீரங்கம் வடக்கு வாசல் முழுக்கச் சொல்லிவிட்டார்.

“எம் பையனே மெட்ராஸ் போய் எடுத்தாந்த புது வண்டி மாப்பிள்ளை. பழசுன்னு ஆச்சுன்னா நான் உங்கம்மா கால்ல விழறேன். புதுசுன்னா, அவங்க எங்க வாசல்ல வந்து மன்னிப்புக் கேக்கணும். சம்மதமா?”

“சம்மதம் மாமா,” என்றான் மருமகன் அழகிரி. “விழும்போது வேட்டி அழுக்காகுமே, பரவாயில்லையா?”

மகன் பிச்சை குறுக்கே வந்தான். “எதுக்குப்பா பிரிக்கணும்? மச்சானுக்குப் புது பேரிங் நானே போட்டுத் தரேன்.”

“பாத்தீங்களா! முதுகெலும்புக்குப் பதிலா வெங்காயத்தாள் வச்சுப் பொறந்திருக்கான்.”

மெக்கானிக் நஜிமுதீன் பாய் எதிலும் கலந்துகொள்ளாமல் இஞ்சினைப் பிரித்தார். உள்ளே சுழலும் கிராங்க் பின்னைத் துடைத்து, மைக்ரோமீட்டரைச் சுற்றிச் சுற்றி வைத்து அளந்தார். நெற்றி சுருங்கியது.

“ஓடித் தேஞ்சா பின்னு முட்டை வடிவமாகும். இது சுத்தி ஒரே அளவா குறைஞ்சிருக்கு. தேஞ்சதைச் சாணை பிடிச்சு, குறைஞ்ச இடத்தை நிரப்பத் தடிச்ச ரோலர் பேரிங் போட்டிருக்காங்க. அந்த ரோலர்தான் இப்பத் தேஞ்சு இடிக்குது. பழைய இஞ்சின்ங்க.”

அழகிரி சிரித்தான். “கெளம்புங்க மாமா. அம்மா கால் கழுவிட்டுக் காத்திருப்பாங்க.”

சின்னையா அசையவில்லை. “இதான் சங்கதியா! புது இஞ்சினைக் கழட்டி வித்துட்டு, காயலாங்கடை இஞ்சினை மாட்டிட்டீங்களா?”

சிரிப்பு நின்றது. “நானா? ரங்கநாதர் சத்தியமா…”

“அவரை ஏன் எழுப்பறீங்க? பாவம், படுத்திருக்கட்டும். பாய், இந்த ரோலரைப் போட்ட திருட்டுப் பய யாரு? கண்டுபிடிக்க முடியுமா?”

“அப்பா, விடுங்கப்பா…” பிச்சை அவர் கையைப் பிடித்தான்.

“சும்மா இருடா! குடும்ப மானம். சொல்லுங்க பாய், ஊரறியச் சொல்லுங்க!”

பாய் கிராங்கைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கத்தில் சின்னதாக ஒரு பிறை குத்தியிருந்தது.

“என் பட்டறை அடையாளம்ங்க. நீங்க சொல்ற பய நான்தான். போன வருஷம் ஒருத்தர் இஞ்சினை மட்டும் சாக்குல கட்டிக் கொண்டாந்தார். ‘தங்கச்சி கல்யாணம் பாய், வண்டி காவேரிப் பாலம் தாண்டி மாப்பிள்ளை வீடு சேர்ற வரைக்கும் சத்தம் வராம இருந்தாப் போதும்’னார்.”

பாய் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

“ஒரு வருஷமே ஓடியிருக்கே… திருப்திதானே, பிச்சைத் தம்பி?”