ஒன்பது கத்தரி

கடைக்காரர் நனைத்த டிஷ்யூவைக் கத்தரியால் நறுக்கிக் காட்டினார். நூல் பிடித்தாற்போல் இரண்டாக வந்தது.

“டிஷ்யூவா நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போகுது?” என்றாள் அம்மா.

போவது நான். போன இன்டர்வியூவில் வேலை கிடைக்காத கோபத்தில், பால் பாக்கெட் வெட்டும் கத்தரியால் என் முடியை நானே வெட்டியிருந்தேன். எலி கடித்த பாய் மாதிரி நின்றது.

பார்லருக்குப் போகலாம் என்றேன். “நான் பாக்காத பார்லரா?” என்று இந்தக் கத்தரிக் கடைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எஃகின் தரம், அங்குலக் கணக்கு, சுண்டுவிரல் வைக்கும் கொக்கி என்று எல்லாவற்றையும் ஃபோனில் படித்துக் குறித்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

கடைக்காரர் அம்மாவின் சேலையை மேலும் கீழும் பார்த்தார். “இதெல்லாம் தொழில் பண்றவங்களுக்கும்மா. வீட்டுக்கு அந்த பிளாஸ்டிக் பிடி போதும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை முக்காலியில் அமுக்கி, டிஷ்யூவுக்கு வைத்திருந்த தண்ணீரைப் பிடரியில் பீய்ச்சினாள்.

முதல் கத்தரி. நறுக். “இழுக்குது.”

இரண்டாவது. நறுக், நறுக். “திருகாணி லூசு.”

மூன்றாவது மழுங்கல். நான்காவது கட்டைவிரலைக் கடிக்கிறதாம்.

ஒவ்வொரு கத்தரிக்கும் என் தலையில் இரண்டு விரல் தூரம் நகர்ந்தாள். வலது காதில் புறப்பட்டவள் இடது காதுக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது ஆகியிருந்தது. நாளைக்கு மொட்டைதான் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“ஒன்னும் சரியில்ல. எந்திரி, போலாம்.”

கண்ணைத் திறந்தேன். எதிரே கண்ணாடி. அளவுகோல் வைத்ததுபோல் முடி தாடையோரம் நின்றது. யாரோ ஓர் அதிகாரி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கடைக்காரர் மேஜையில் கிடந்த ஒன்பதையும் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். குரலில் மரியாதை வந்துவிட்டது. “எந்த பார்லர்லம்மா வெட்டுறீங்க?”

“வெட்டுறதில்ல. பெருக்குறேன். பதினோரு வருஷமா.”

அங்கே யாரும் இதுவரை அவள் கையில் கத்தரி கொடுத்ததில்லை. இன்று என் தலைதான் அவளுக்கு முதல் தலை. அதைக் கடைக்காரரிடம் நான் சொல்லவில்லை.

அம்மா தரையைப் பார்த்தாள். கை பழக்கத்தில் மூலையிலிருந்த துடைப்பத்துக்குப் போனது. நான் பாய்ந்து பிடுங்கினேன். முடியை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கினேன்.

அதுவும் சரியில்லையாம்.