அவசர வீடு

அகதிகளுக்குக் கொடுக்கும் அந்த அவசர வீட்டுச் சுவரில் ஒரு சின்ன விளக்கு உண்டு. உள்ளே இருப்பவர்களின் நெஞ்சு பயத்தில் அடித்துக்கொண்டால் சிவப்பாக எரியும். ஆறிவிட்டால் பச்சை. ஒருநாள் முழுக்கப் பச்சையாகவே நின்றால் அவர்களுக்கு அவசரம் தீர்ந்துவிட்டது என்று கணக்கு. வெளியே பனியில் காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்கு வீடு போய்விடும். பிறகு எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை.

நேற்று மாலையில் இருந்து பச்சை. இன்றைய மாலையும் வந்துவிட்டது.

சுகந்தினி வேண்டுமென்றே புருஷனோடு சண்டைக்குக் கொழுவிப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, உந்தச் சொதியை மனுசர் வாயில வைப்பினமோ?"

"அப்ப ஏன் ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டனீர்?" என்றான் தவநேசன். மகள் அபிரா இருமிக்கொண்டே சிரித்தாள். சுகந்தினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கு அசையவில்லை. வீட்டைத் திருப்பி எடுக்கிற வண்டி வாசலில் வந்து நின்றது.

அவள் மகளை அறைக்குள் அனுப்பிவிட்டுப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"படகில உங்கட தம்பி கடைசியா என்ன சொன்னவர்?"

அவன் முகம் செத்துப்போனது. அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று இருவரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

"வேண்டாம், சுகந்தி."

"பிள்ளை இருமுறாள். சொல்லுங்கோ."

"கையை விட்டிடாதேங்கோ அண்ணை எண்டு..." அவன் தன் கையையே பார்த்தான்.

விளக்கு மஞ்சளானது. சிவப்பு இன்னும் வரவில்லை. அவன் கையைப் பிடிக்கப் போனவள் பிடிக்கவில்லை. பிடித்தால் அவன் ஆறிவிடுவான்.

"பிறகு?" என்று கேட்டாள்.