தூங்க மறுத்த பெட்டி

"எல்லாரும் நின்னுட்டாங்கண்ணா. நான் எழுதினது ஒண்ணுதான் நிக்கலை" என்று ப்ரீதா சொன்னதும், வெஸ்லின் கம்ப்யூட்டர் திரைக்குள்ளேயே தலையை விட்டுவிடுவான் போலக் குனிந்தான்.

ஓசூர் சிப்காட்டில், ஒரு தகர ஷெட்டின் மாடியில் இருந்தது அவர்கள் கம்பெனி. செய்வது சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. வேனில் மாட்டினால், வண்டி எங்கே போகிறது என்று முதலாளிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றால் பெட்டியும் தூங்க வேண்டும்; வண்டி அசைந்தால் விழிக்க வேண்டும். தூங்காவிட்டால் விடிவதற்குள் வேனின் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும்.

தூங்குவது அப்படியொன்றும் லேசான காரியமில்லை. பெட்டிக்குள் இருக்கிற கெர்னல் என்கிற மூல மென்பொருள், ஷிஃப்ட் சூப்பர்வைசர் மாதிரி. பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இருக்கிற இடத்திலேயே உறைந்து நிற்கச் சொல்லும். கடைசி வேலையும் நின்ற பிறகுதான் விளக்கை அணைக்கும். நடுவில் 'எழுந்திரு' என்று எங்கிருந்தாவது சைகை வந்துவிட்டால் எல்லாம் ரத்து. நின்றவை அத்தனையும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும்.

இன்று காலையிலிருந்து ரத்துக்கு மேல் ரத்து. ஒவ்வொரு முறையும் நிற்காமல் மிச்சமிருந்தது ஒரே வேலைதான்: வண்டி இருக்கும் இடத்தைச் செய்தியாக அனுப்புவது. கையில் இருப்பதை அனுப்பிவிட்டுத்தான் நிற்பேன் என்கிற பொறுப்பான வேலை. எழுதியவள் ப்ரீதா. அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

மேனேஜர் பாஸ்கரன் வந்ததுமே சொல்லிவிட்டார். சுகுணா மேடம் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டார். அவர் கண்முன்னே பெட்டி தூங்கினால், அவருடைய பால் வேன்கள் அத்தனைக்கும் ஆர்டர். தூங்காவிட்டால், ப்ரீதா வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். குருபரப்பள்ளியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருகிறவள், அதைக் கேட்ட பிறகு டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

வெஸ்லினுக்கு அதுதான் தாங்கவில்லை. விசிட்டிங் கார்டில் அவன் பெயருக்குக் கீழே 'சீனியர்' என்று போட்டிருந்தது. அதற்குச் சான்றாக அவனிடம் இருந்தது முன்வழுக்கை மட்டும்தான். ஆனாலும் தன் நாற்காலியை அவள் மேஜைக்கே இழுத்துப் போட்டு, பெட்டிக்கு முன்னால் காவல் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணா, நீங்க டீக்குப் போனப்போ தூங்குச்சுண்ணா."

"அப்புறம்?"

"நீங்க வந்து உக்காந்தீங்க. முழிச்சுக்கிச்சு."

"எம் பையனும் அப்படித்தான். என்னைப் பாத்தாலே யாருக்கும் தூக்கம் வராது போல. ஜாஸ்லின் இருக்காளே, கட்டின பொண்டாட்டி, சர்ச்சுல எங்கூட ஒரே பெஞ்சுல உக்கார மாட்டா. நான் பாடுற லட்சணம் அப்படி."

ப்ரீதாவுக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. மேஜை ஓரத்துக்கு உருண்டுபோன பேனாவை விழாமல் பிடித்து, ஸ்டாண்டில் போட்டாள்.

"மறுக்கா விடு" என்றான் வெஸ்லின்.

பெட்டியின் பச்சை விளக்கு மங்கியது. அவனுக்குள் கிரிக்கெட்டின் கடைசி ஓவர் ஓடியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு மறுபடி பளிச்சென்று எரிந்தது. கூடவே சுகுணா மேடமும் உள்ளே நுழைந்தார்.

காபி, பிஸ்கட், கம்பெனி வரலாறு என்று பாஸ்கரன் நீட்டிய எதையும் மேடம் தொடவில்லை. "பேச்சு சாக்கு, போதும். தூங்க வைங்க, பாக்கலாம்" என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

ப்ரீதா பொத்தானை அழுத்தினாள். விளக்கு மங்கியது, எரிந்தது. மறுபடி அழுத்தினாள். மங்கியது, எரிந்தது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாஸ்கரன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதை எழுதினது யாருன்னு மேடத்துக்கிட்ட நீயே சொல்லும்மா."

ப்ரீதாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அதற்குமேல் வெஸ்லினால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"இந்தப் பொண்ணு மேல தப்பில்ல மேடம். இதைத் தூங்கவிடாம பண்ணினது நான்தான்."

பச்சைப் பொய். சொல்லிவிட்ட கூச்சத்தில் கம்பம் மாதிரி அசையாமல் நின்றான். ப்ரீதா கடைசியாக ஒருமுறை அழுத்தினாள்.

திரையில் வேலைகள் ஒவ்வொன்றாக உறைந்தன. கடைசியில் ப்ரீதாவுடையதும் செய்தியை அனுப்பிவிட்டு, சமர்த்தாக நின்றது. விளக்கு மங்கி, அணைந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். அணைந்தது அணைந்தபடியே இருந்தது.

மேடம் பெட்டியைத் தூக்கி லேசாக ஆட்டினார். விழித்துக்கொண்டது, நின்ற வேலைகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. மேஜைமேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனது. மேடத்தின் முகம் மலர்ந்தது. ஆர்டரை எழுதிக்கொள்ளச் சொன்னார். பாஸ்கரன், ப்ரீதாவுக்கு நாளைக்கே வேலை நிரந்தரம் என்று அறிவித்துவிட்டு, மேடத்தை வழியனுப்பக் கூடவே ஓடினார்.

சந்தோஷம் தாங்காமல் வெஸ்லின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

பச்சை விளக்கு எரிந்தது.

பதறி எழுந்தான். சற்று நேரத்தில் அணைந்தது. உட்கார்ந்தான். எரிந்தது.

ப்ரீதா மெல்லக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். "அண்ணா," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்க காலு."

மேஜைக் காலில் முட்டிக்கொண்டு விடாமல் ஆடிக்கொண்டிருந்த தன் வலது காலை அவனும் குனிந்து பார்த்தான். மேடத்திடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதும், ஜாஸ்லின் பெஞ்சு மாறி உட்காருவது பாட்டுக்குப் பயந்து அல்ல என்பதும் அவனுக்கு ஒரே நேரத்தில் விளங்கின.