மரம் வைக்கக் குழி

காவலாளிக்கு அன்று தலைகால் புரியவில்லை. பட்டாளத்தில் இருக்கும் மகன் காலையில் போன் செய்திருந்தான்.

"அப்பா, எங்க பிரிவை நம்ம ஊர்ப் பக்கமே மாத்திட்டாங்க. பத்து நாள்ல வந்துருவோம். வீட்டுச் சாப்பாடு போடுவியா?"

"எத்தனை பேருடா?"

"அறுநூறு பேரு."

"உங்கம்மா என்னை வீட்டை விட்டே துரத்திடுவா."

அது போதாதென்று, அவர் காவல் காக்கும் ராணுவக் கல்லறைத் தோட்டத்தின் கிழக்குப் பக்கம் மரம் வைக்க உத்தரவும் வந்திருந்தது. முப்பது வருடம் வெயிலில் காய்ந்தவருக்கு இனி நிழல். குழி வெட்டும் இயந்திரம் வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை எழுத வந்த பேராசிரியை, அலுவலக அறையில் பழைய பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இங்க எத்தனை கல்லறைங்க?"

"நானூறு. எல்லாரும் ஒரே நாள் சண்டையில போனவங்க. அறுபது வருஷம் ஆச்சு."

"சண்டைக்குப் பத்து நாள் முன்னாடியே நானூறு குழி வெட்டியிருக்காங்களே?"

காவலாளி சிரித்தார். "தேதியைத் தப்பா எழுதியிருப்பாங்கம்மா. செத்த பிறகுதானே குழி வெட்டுவாங்க."

"எதுக்குன்னும் எழுதியிருக்கு. மரக்கன்று நடவாம்." அவர் ஜன்னல் வழியே பார்த்தார். "ஆனா, ஒரு மரத்தைக்கூடக் காணோமே."

காவலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது.

இயந்திரம் ஓட்டுபவர் வியர்வையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார். "அண்ணே, நூறு முடிஞ்சுது. மொத்தம் எத்தனை குழின்னு சொன்னீங்க?"

காவலாளி மேசை மேல் கிடந்த உத்தரவைப் பார்த்தார்.

அறுநூறு என்று போட்டிருந்தது.