மேடவாக்கத்துப் படகு

கேபிள் நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டது.

ஸ்ரீரங்கன் படகின் தரையில் குப்புறப் படுத்து, பலகை இடுக்கில் தோள்வரை கையை விட்டான். முன்பக்கத்தில் குறுகி உட்கார்ந்து வேதா கேபிளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு தடுப்புப் பலகை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"இன்னும் கொஞ்சம் விடு" என்றான்.

"விடறேன்."

மேடவாக்கத்தில் ஏரி ஓரமாக ஒரு காலி மனை. அதில் கீற்றுக் கொட்டகை. கொட்டகைக்குள் மரக்கட்டைகளின் மேல் நின்றது படகு. கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்த ஏகநாதன் தன் கையாலேயே கட்டிய பாய்மரப் படகு. ஞாயிற்றுக்கிழமை லாரியில் துறைமுகத்துக்குப் போகிறது. அங்கிருந்து அவரும் வேதாவும் அந்தமான் போகிறார்கள், பிறகு பினாங்கு. அதற்கப்புறம் எங்கே என்று அவர்களே முடிவு செய்யவில்லை.

காற்று, வேகம், ஆழம் காட்டும் கருவிகளை ஏகநாதன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்திருந்தார். முதலில் வந்த எலக்ட்ரீஷியன் எல்லா ஒயரையும் பேட்டரி ஒயரோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போனான். எஞ்சினைப் போட்டால் எண்கள் தாறுமாறாக ஓடின.

வேதாதான் சானடோரியம் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீரங்கனின் ஒயரிங் கம்பெனிக்கு போன் செய்தாள். "நீங்க வந்து பாத்தாதான் எனக்கு தைரியமா இருக்கும்" என்றாள்.

அவன் சரி என்றான்.

இப்போது கேபிள் எங்கே சிக்கியிருக்கிறது என்பது மட்டும்தான் தலைக்குள் இருந்தது.

இடுக்கில் கை துழாவியது. மறுபக்கத்திலிருந்து வந்த அவள் விரல்கள் கேபிளின் முனையை அவன் உள்ளங்கையில் வைத்தன. ஒரு கணம் அங்கேயே இருந்தன. பிறகு இல்லை.

"வந்துடுத்தா?"

"வந்துடுத்து."

மேலிருந்து ஏகநாதன் எட்டிப் பார்த்தார். "சார், கை கிழிச்சிகினு நீங்க ஏன் கஷ்டப்படறீங்க, நான் இழுக்கறனே" என்றார். ஸ்ரீரங்கன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவர் சற்று நின்றுவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனார்.

பேட்டரி ஒயர் ஒரு பக்கம், கருவிகளின் கேபிள்கள் மறுபக்கம் என்று பிரித்துக் கட்டினான். கருவிக்குள் நுழையும் இடத்தில் ஒவ்வொரு கேபிளையும் கீழே தொங்கலாக ஒரு வளைவு விட்டான். உப்புத்தண்ணீர் வழிந்து வந்தால் அங்கேயே சொட்டிவிடும்.

பிறகு முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைக்க உட்கார்ந்தான்.

ஓர் இணைப்பைச் சரியாகப் பற்றவைக்காமல் விட்டாலும் இங்கே யாருக்கும் தெரியாது. நடுக்கடலில்தான் தெரியும். இது அவனுக்குத் தோன்றியது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ யாரிடமோ சொல்லிக்கொண்டு போவதுபோலத் தோன்றி, போய்விட்டது.

அவன் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தான். ஒன்று கொஞ்சம் அசைந்தது. பிரித்து மறுபடி வைத்தான்.

சுவிட்சைப் போட்டபோது கருவிகளில் பச்சை வெளிச்சம் வந்தது. கட்டைகளின் மேல் படுக்க வைத்திருந்த பாய்மரத்தின் உச்சியில், காற்று அளக்கும் சின்னக் கிண்ணங்களை, டீயோடு திரும்பி வந்திருந்த ஏகநாதன் விரலால் சுற்றினார். உள்ளே எண் ஏறியது. ஆழம் காட்டும் கருவியில் மட்டும் வெறும் கோடுகள். தரையில் நிற்கும் படகுக்கு அவ்வளவுதான் வரும்.

"ஆழம் குறைஞ்சா இது சத்தம் போடும். எவ்வளவுல வெக்கட்டும்?"

"மூணு மீட்டர் போதும் சார்" என்றார் ஏகநாதன்.

ஸ்ரீரங்கனின் விரல் ஐந்தில் போய் நின்றது. மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அப்படியே மூடியைப் போட்டுத் திருகினான்.

வேதா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். மழையில் நனைந்தால் என்ன செய்வது, ஃப்யூஸ் போனால் எது முதலில் நிற்கும். அவன் சொன்னான். ஃப்யூஸ் மாற்றுவதை அவள் ஒருமுறை தானே செய்து காட்டினாள். சரியாகத்தான் செய்தாள்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வேண்டாம் என்றான்.

ஸ்கூட்டரை உதைக்கப்போகும்போது வேதா ரோடுவரை வந்தாள். கையில் ஒயர் டேப்பின் பசை ஒட்டியிருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"வேற..." என்றாள்.

ஒரு தண்ணீர் லாரி கடந்து போனது.

"பேட்டரிக்குத் தண்ணி எப்ப விடணும்?"

"மாசத்துக்கு ஒரு தரம் பாரு. குழாய்த் தண்ணி கூடாது."

"சரி."

செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் எல்லாம் கடந்து சேலையூர் வந்தது எப்படி என்று அவனுக்கு நினைவில்லை. வீட்டு கேட்டருகே வண்டியை நிறுத்தினான். பள்ளிக்கூட யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அவன் மகள் பட்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா படகு சரியாயிடுத்தாப்பா?"

"ம். சரியாயிடுத்து."

அவள் எழுந்து வந்து ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா என்னப் பத்திக் கேட்டாளா?"

"கேட்டா."

"என்ன கேட்டா?"

அவன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினான். சாவியை எடுத்தான்.

"முன்பல்லு முளைச்சுடுத்தான்னு கேட்டா."

பட்டு உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள்.

அவன் குனிந்து பார்த்தான். பாதி வந்திருந்தது.