கட்டியங்காரனின் மூன்றாவது கேள்வி

கண்ணெதிரே திரை விரிந்ததும் அவள் பேச்சை நிறுத்தினாள்.

இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் துணியைப் பிடித்து நின்றார்கள். துரியோதனன் வருகைக்காக வைத்திருந்த திரை அது.

சபா சிரித்தது. பட்டும் வைரத்தோடுமாக முன்வரிசையே குலுங்கியது.

சிரிக்கத்தான் செய்வார்கள். கால்மணி நேரமாக அவள் மைக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். கூத்தில் எந்த ராஜாவும் நேரே வந்துவிட முடியாது. திரைக்குள் நின்று, கட்டியங்காரன் என்கிற கோமாளிக்குப் பேர், ஊர், தகப்பன் பேர் மூன்றும் சொல்ல வேண்டும். அப்புறம்தான் திரை இறங்கும். இதைச் சொல்ல அத்தனை நேரம். துரியோதனன் கிரீடத்தோடு ஓரத்தில் கால் மாற்றி நின்றான்.

பொறுத்துப் பார்த்த கட்டியங்காரன் திரையை அவள் முன்னால் பிடிக்கச் சொல்லிவிட்டார்.

கட்டியங்காரன் காசாம்பு அவளுடைய அப்பா.

அது அங்கே யாருக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் அவள் பேராசிரியர். அப்பா விவசாயி என்றே இருபது வருடமாகச் சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தாள். காலையில் கூத்துக்காரர்களோடு வேனிலிருந்து இறங்கியவர் மற்றவர்களைப் போலவே கும்பிட்டு, "வணக்கங்க மேடம்" என்றார். அப்படிச் செய்யச் சொல்லிப் போன வாரம் போன் செய்தவள் அவள்தான். இருந்தும் வலித்தது.

"தெரைக்குள்ள நிக்கிறது ஆரு?"

மத்தளம் ஒரு தட்டு தட்டியது.

"பரிமளம்."

"எந்த ஊரு?"

"மெட்ராஸ்."

"அப்பன் பேரு இன்னா?"

துணிக்கு அடியில் அவருடைய சலங்கைக் கால்கள் தெரிந்தன. அவை அப்படியே நின்றுவிட்டன. நாற்பது வருடப் பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.



பிறகு கோமாளிக் குரல் திரும்பி வந்தது.

"வுடுங்கப்பா. பெரிய எடத்துப் பொண்ணு. அப்பன் பேரக் கேட்டா நம்ம ஊட்டுக்குப் போலீஸு வந்துடும். தெரைய எறக்குங்க."

சபாவில் விசிலே பறந்தது.

அவளைத் தப்பவிட்டுவிட்டார். அத்தனை பேரையும் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்புக்குள் அவளை ஒளித்து வைத்தார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகையும் வந்தது.

துணி இறங்கத் தொடங்கியது. அவள் உள்ளேயிருந்து இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எறக்காதீங்க. நான் இன்னும் சொல்லல. எதுர்ல கோமாளி வேசம் கட்டிக்கினு நிக்கிறாரே காசாம்பு, அவருதான் எங்கப்பா."

அரங்கம் அதிரச் சிரித்தது. பதிலுக்குப் பதில் என்று யாரோ பலமாகக் கைதட்டினார்கள். அத்தனை பேரும் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள்.

கட்டியங்காரன் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் மைக்கைக் கீழே வைக்கவில்லை. சிரிப்பு ஓயட்டும் என்று நின்றாள்.