இடுப்பில் ஒரு கல்

நிலத்தைப் பிரித்துக் கொடுத்த நாளிலிருந்து அந்த ஊரார் எல்லைக்கற்களை வயலில் விட்டுவைப்பதில்லை. விட்டால் பழைய நிலக்காரரின் ஆட்கள் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். அதனால் பொழுது சாய்ந்ததும் அவரவர் கல்லை வீட்டுக்குத் தூக்கி வந்து, விடிந்ததும் கொண்டுபோய் நடுவார்கள். நடும்போது விரல்கடை அங்கே இங்கே நகரும். அதற்குத் தினமும் அவர்களுக்குள்ளேயே அடிதடி. தன் கல்லை விடமாட்டேன் என்று கட்டிக்கொண்டு கிடந்தபோதுதான் பூங்காவனத்தின் புருஷனை நிலக்காரரின் ஆட்கள் அடித்துக் கொன்றார்கள்.

அதன்பின் கூடிய ஊர்க் கூட்டத்தில் பூங்காவனமே எழுந்து பேசினாள். "தனித்தனியா நின்னா ஒவ்வொருத்தரா முழுங்கிடுவானுங்க. வரப்ப வெட்டிட்டு எல்லாரும் ஒண்ணாப் பயிர் வைப்போம். கல்லையெல்லாம் மோட்டார் கொட்டாய்க்குக் கடக்காலாப் போட்டுடுவோம்."

எல்லோரும் கை தூக்கினார்கள். இரண்டு கையையும் தூக்கியவர்களும் உண்டு.

மறுநாள் கொத்தனார் மோட்டார் கொட்டகைக்கு அஸ்திவாரக் குழியை வெட்டிவிட்டுக் காத்திருந்தார். உச்சிவெயில் வரை ஒரு கல்லும் வரவில்லை.

"சொன்னவ நீதான். மொதல்ல உன் கல்ல எடுத்துக்கினு வாம்மா. ஒண்ணு விழுந்தா மத்ததும் தானா வரும்" என்றார்.

அவள் வீட்டுக்குப் போனாள். புருஷன் படுத்துவந்த இடத்தில் கல் இருந்தது. அதன் மேல் அவன் துண்டு. துண்டோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் ஊரார் நின்று பார்த்தார்கள்.

குழியோரம் வந்து நின்றாள். கொத்தனார் உள்ளே இறங்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.

பூங்காவனம் கல்லை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.